ஒருவர் பார்வையா, எல்லோர் இசைவா: திறந்த மூலத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளை ஒருவருடைய பார்வை நடத்த வேண்டுமா, பங்களிப்பவர்களின் இசைவு நடத்த வேண்டுமா என்று பொதுவாகக் கேட்பதிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. எந்த முடிவு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் தனியாட்சி என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால், வலையமைப்பு, கோப்பு முறைமை போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலான மாற்றங்கள் அவர்கள் வழியாகவே அவரிடம் வருகின்றன. எதைச் சேர்ப்பது என்பதில் இறுதிச் சொல் அவருடையது. உரிமத்தை மாற்றுவதோ, பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால், அவர் ஒருவரால் ஆகாத காரியம்.

கருத்தொருமிப்பு என்றால் எல்லோரும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் கைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. எழுந்த மறுப்பு உரிய முறையில் ஆராயப்பட்டதா என்றுதான் பார்க்கிறது, மறுத்தவர் மனம் மாற வேண்டும் என்று காத்திருப்பதில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் வாக்குரிமை உள்ள ஒருவரே ஒரு நிரல் மாற்றத்தைத் தடுத்துவிடலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் இல்லாத தடை செல்லாது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டுத் தடுக்கும் உரிமையை மட்டும் கடன் வாங்கினால், யாரும் தேர்ந்தெடுக்காத பிடிவாதக்காரர் தலைவராகிவிடுவார். அவரையும் மற்றவர்களையும் ஒருசேரச் சமாதானப்படுத்த ஆளுக்கொரு அமைப்புத் தெரிவை (செட்டிங்) மென்பொருளில் சேர்ப்பார்கள். சச்சரவு அடங்கும், அதன் சுமை பயனர் தலையில் விழும். தொடரியல் (நிரலை எழுதும் இலக்கணம்), இடைமுகம் போன்றவற்றை ஒரே தலை வடிவமைப்பதே நல்லது என்பது என் கணிப்பு.

அந்தத் தலைக்கும் களைப்பு உண்டு என்பதை மறப்பது அடுத்த தவறு. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமையைத் துறந்தபோது அவர் தோற்றிருக்கவில்லை. நிரலின் கோவைகளுக்குள்ளேயே (எக்ஸ்பிரஷன்) மாறிகளுக்கு மதிப்பளிக்கும் புதிய குறியீட்டைக் கடும் எதிர்ப்புக்கிடையே ஏற்றுச் சேர்த்த பிறகே விலகினார். வாரிசு யாரையும் அவர் அறிவிக்கவில்லை. பல மாத விவாதத்துக்குப் பின் அந்த ஆண்டு டிசம்பரில் ஐவர் குழு முறை தேர்வானது. தன் அதிகாரத்தை இயன்றவரை குறைவாகப் பயன்படுத்தி இசைவைத் தேட வேண்டும் என்று அக்குழுவின் விதியே சொல்கிறது. இத்தகைய விதியைத் தலைவர் இருக்கும்போதே எழுதிவைப்பதுதான் எளிது.

பிரிந்து போகிறவர்களைத் துரோகிகளாகப் பார்க்கவும் வேண்டாம். 1997இல், நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பியின் மந்தமான போக்கில் பொறுமையிழந்தவர்கள் ஈஜிசிஎஸ் என்று தனிக்கிளை தொடங்கினார்கள். 1999இல் அந்தக் கிளையே அதிகாரப்பூர்வ ஜிசிசி ஆனது.