கிரேஸி குவில்ட்: ஊசி எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

நூல் சிக்குவது, விரலில் ஊசி ஏறுவது, ஃபெதர் தையலின் கிளைகள் ஒரு பக்கமாகச் சாய்வது எல்லாம் பத்து நாள் தைத்தால் தானாகச் சரியாகும். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலூர், காட்பாடி, ஆரணிப் பக்கம் இந்தக் கைவேலையைப் புதிதாகக் கற்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற வேறு சில தவறுகள் உண்டு. செய்த அன்று அவை கண்ணில் படாது. குவில்டின் ஒரு சதுரக் கட்டத்துக்கு 30 மணி நேரம் செலவழித்து, கடைசி மணியையும் கோத்த பிறகுதான் வெளியே வரும்.

கோணல்மாணலாக வெட்டிய பட்டு, வெல்வெட், புரோகேட் துண்டுகளை ஓர் அடித்துணியின் மேல் ஒட்டுப்போட்டு, துண்டும் துண்டும் சேரும் ஒவ்வொரு கோட்டையும் எம்பிராய்டரியால் மூடி, அதன்மேல் மணி, சம்கி, லேஸ் வைப்பதுதான் கிரேஸி குவில்ட். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருட்களைப் பார்த்ததிலிருந்து அமெரிக்கப் பெண்களுக்கு இந்த ஒழுங்கற்ற அழகின் மேல் ஆசை வந்தது என்பார்கள். 1880களில் அது உச்சத்துக்குப் போனது. பெரும்பாலும் உள்ளே பஞ்சு வைப்பதில்லை. குளிருக்குப் போர்த்த அல்ல, வந்தவர்கள் பார்க்க விரித்து வைக்கிற பொருள் அது.

இற்றுப்போன பட்டு

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. நம் ஊரில் பட்டுக்குப் பஞ்சமில்லை. ஆரணியும் வாலாஜாபேட்டையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் அடியில் ஒரு பழைய பட்டு இருக்கும். முதல் வகுப்புக்கே அதை எடுத்துவந்து விடுகிறார்கள். "இது தாங்காதும்மா" என்றால் முகம் வாடிவிடும். "எங்க அம்மா கல்யாணப் புடவை மேடம், ஒரு துண்டாவது வைக்கணும்." வைக்கிறார்கள். ஒரு மாணவி அப்படி வைத்த துண்டில் இரண்டு வாரம் உட்கார்ந்து மயில் தைத்தார். மூன்றாம் மாதம் மயில் மட்டும் அப்படியே இருந்தது, சுற்றியிருந்த பட்டு நூல் நூலாக உதிர்ந்துவிட்டது.

காரணம் எளிது. பட்டு ஒரு புரத இழை. வியர்வை, வெளிச்சம், வெப்பம் மூன்றும் அதை மெல்ல அரிக்கும். இருபது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த புடவையில் மடிப்புக் கோட்டில் இழைகள் ஏற்கெனவே பாதி அறுந்திருக்கும். அதன் மேல் இரண்டு இழை நூலில், கால் அங்குலத்துக்கு இரண்டு மூன்று குத்து வீதம் தைத்தால் அந்த வரிசை தபால்தலையின் ஓட்டை ஓரம் போல் ஆகிவிடும். ஒரு தரம் இழுத்தால் போதும், அந்தக் கோட்டிலேயே கிழியும்.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள 1880, 1890களின் குவில்ட்களிலும் இதே கதைதான். பட்டின் பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். அந்த நட்டத்தை ஈடுகட்ட வெள்ளீய உப்பு, இரும்பு உப்பு ஏற்றி எடை கூட்டினார்கள். அந்த உப்பே பின்னாளில் பட்டை நொறுக்கியது. தையல் தொங்கிக்கொண்டிருக்க, துணி போய்விட்டது.

வெட்டும் முன் நான்கு சோதனை செய்யுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலம் ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, இரண்டு அங்குல இடைவெளியில் கட்டைவிரல்களால் பிடித்து, பாவுப் (நீள இழை) போக்கில் ஒரு முறை, ஊடைப் (குறுக்கு இழை) போக்கில் ஒரு முறை இழுங்கள். ஒரு போக்கில் தாங்குகிற பட்டு இன்னொரு போக்கில் விட்டுவிடும், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்திப் பிரியுங்கள். மடிந்த இடத்தில் வெடிப்பு விழுந்தால் வேண்டாம். கடைசியாக 7ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசியில் இரண்டு இழை கோத்து ஒரே வரிசையில் பத்துத் தையல் போட்டு, நூலைச் சற்று இழுத்துப் பாருங்கள். ஓட்டை பெரிதானால் அதோடு விட்டுவிடுங்கள்.

எங்கே வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். இடுப்பில் செருகிய பகுதியும் ஜாக்கெட்டின் அக்குள் பகுதியும் வியர்வை தின்ற இடங்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், நம்பக் கூடாது. கரை பெரும்பாலும் புடவையின் உடல் பகுதியைவிடத் தாங்கும். ஆனால் கரையும் உடலும் சேருகிற இடம் பலவீனமானது, அதை நடுவில் வைத்து வெட்டாதீர்கள்.

பாதி தாங்குகிற பட்டுக்கு வழி உண்டு. டெய்லர் சாமான் கடையில் கிடைக்கிற, இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய ஃப்யூசிங்கைப் பின்பக்கம் ஒட்டுங்கள். மேலே பருத்தித் துணி விரித்து, பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்த வேண்டும். தேய்த்தால் பட்டு நகர்ந்து சுருக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்க இற்றதை ஃப்யூசிங்கும் காப்பாற்றாது, ஏனென்றால் பின்பக்கம் பிடித்தாலும் முன்பக்க இழை உராய்ந்து உதிரும். அம்மா புடவையை விட மனமில்லை என்றால் ஒரு சிறு துண்டை நல்ல துணி மேல் வைத்து, அதே நிற நெட்டால் மூடி, நெட்டின் ஓரத்தை மட்டும் தையுங்கள். பட்டில் ஊசி படவே கூடாது. மயிலைப் பக்கத்துத் துண்டில் தைத்துக்கொள்ளலாம்.

அடித்துணியை நனைக்காதது

புதுக் காடாத் துணி முதல் நனைப்பில் சுருங்கும், மேலே உள்ள பட்டு அவ்வளவு சுருங்காது. முடித்த கட்டத்தில் ஒரு முறை தண்ணீர் பட்டால் போதும், முகமெல்லாம் சுருக்கம் விழும். காடாவையோ சற்றுக் கெட்டியான மல் துணியையோ இரவு முழுக்க ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். முடித்த கட்டம் 12 அங்குலம் வேண்டுமென்றால் 14க்கு 14 வெட்ட வேண்டும். எம்பிராய்டரி துணியை உள்ளே இழுக்கும். 12½க்கே வெட்டித் தொடங்குகிறவர்களுக்குக் கடைசியில் 12 அங்குலம்கூட மிஞ்சாது.

ஓரம் வரை மணி

கட்டங்களைச் சேர்க்கக் கால் அங்குலம் தையலுக்குப் போகும். அந்த இடத்தில் மணி இருந்தால் மெஷின் ஊசி உடையும், கையால் தைத்தால் கோடு வளையும். வெட்டவேண்டிய கோட்டை முதலிலேயே, பிறகு உருவிவிடும் கச்சாத் தையலால் குறியுங்கள். அதற்கு உள்ளே முக்கால் அங்குலத்துக்கு நூல் வேலை மட்டும் இருக்கட்டும். மணியும் சம்கியும் கட்டங்கள் சேர்ந்த பிறகு. அவற்றைத் தைக்கும்போது நான்கைந்து மணிக்கு ஒரு முறை பின்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நூலில் நாற்பது மணி கோத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் நாற்பதும் தரையில்தான்.

நீலப் பேனா

தண்ணீரில் அழியும் என்று விற்கிற நீலப் பேனாவால் பட்டில் கோடு போட்டுவிட்டு, அழிக்கும் முன் இஸ்திரி போட்டுவிடுகிறார்கள். சூடு பட்டால் அந்தக் கறை நிலைத்துவிடும். சரி, முதலில் நனைத்து அழிக்கலாம் என்றால் தண்ணீர் பட்ட இடத்தில் பட்டில் வளையம் விழும். கால் அங்குல மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகத் தைப்பது மேல். அன்றைக்கே உரித்துவிட வேண்டும். நம் ஊர் ஏப்ரல், மே வெக்கையில் ஓர் இரவு விட்டாலே பசை இளகித் துணியில் தங்கிவிடும்.

ஆம்பூர்த் தோல் துண்டு

சும்மா கிடைக்கும்தான். வேண்டாம், தோலில் போட்ட ஓட்டை மூடாது.

வெல்வெட்டில் வளையம்

துணியை இறுக்கிப் பிடிக்கிற எம்பிராய்டரி வளையத்தை இரவில் கழற்றிவையுங்கள், விட்டால் வெல்வெட்டில் தடம் விழும்.

அடர் சிவப்பு

சாயம் விடுமா என்று பார்க்க, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சந்தேகமான துண்டின் மேல் வைத்து, தட்டு ஒன்றைப் பாரமாக வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளைத் துணி ரோஜா நிறமானால் அந்தத் துண்டு வெளியே. அரக்கு நிறத்தையும் விட்டுவைக்காதீர்கள். எம்பிராய்டரி நூலிலும் அடர் சிவப்பும் கறுப்பும் சாயம் விடலாம், அதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

பட்டு என்று நம்பிய பாலியஸ்டர்

வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய பிட்டுத் துணியில் பாதி பட்டாக இருக்காது. ஓரத்திலிருந்து நான்கு இழை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான குமிழாக நின்றால் பாலியஸ்டர். வைக்கலாம், தவறில்லை. ஆனால் இஸ்திரிச் சூட்டைக் குறைத்தாக வேண்டும். பிளாஸ்டிக் சரிகைக்கும் அதேதான், சூடு கூடினால் சுருண்டுவிடும்.

கற்றுக்கொடுப்பவர்கள் செய்வது

முதல் நாளே இருபது தையல் காட்டுவது. காட்டிய இருபதையும் மாணவி ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார், கண் எங்கே நிற்பது என்று தெரியாது. ஃபெதர், ஹெர்ரிங்போன், பிளாங்கெட் மூன்று போதும். ஒவ்வொன்றையும் அடித்தையலாக வைத்து, நுனியில் லேஸி டெய்ஸி (இதழ் போன்ற தையல்), அதன் தலையில் பிரெஞ்ச் நாட் (முடிச்சுத் தையல்) என்று அடுக்கினாலே பத்துப் பதினைந்து வகை பிறக்கும். அடித்தையல் கால் அங்குல இடைவெளியில் சீராக வராமல் மேலே எதை அடுக்கினாலும் கோணல் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

முதல் கட்டம் 6 அங்குலம், ஆறு துண்டு, டெய்லர் கடைப் பருத்தி பிட்டு. நடுத்துண்டுக்கு ஐந்து பக்கம் இருக்கட்டும்; நான்கு பக்கம் வைத்தால் சுற்றித் தைக்கத் தைக்கப் பெட்டி போல் ஆகிவிடும். அதை முடித்தவருக்கு மட்டும் பட்டு. அந்த வகுப்பில் கத்திரிக்கோல் கொடுக்கும் முன் எல்லோருடைய பழம்புடவைத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, இழுத்துப் பார்க்கும் சோதனையை அவரவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஆசிரியர் "தாங்காது" என்றால் வருத்தப்படுகிறவர், தன் கையிலேயே கிழிந்தால் நெட் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.