எஃப்2எஃப்எஸ்: ஃபார்மேட் செய்யும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெமரி கார்டு, இஎம்எம்சி, யுஎஃப்எஸ், எஸ்எஸ்டி போன்ற ஃபிளாஷ் சேமிப்புக்கென்றே சாம்சங்கில் ஜேகுக் கிம் உருவாக்கிய கோப்பு முறைமைதான் எஃப்2எஃப்எஸ். 2012 அக்டோபரில் அறிமுகமாகி, 2013 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8 கெர்னலில், அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதியில், இடம்பெற்றது. இன்று கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு போன்களின் தரவுப் பகுதி இதில்தான் இயங்குகிறது. போனில் எல்லா அமைப்புகளையும் தயாரிப்பாளரே பார்த்துக்கொள்கிறார். நாமே ஒரு கார்டையோ எஸ்எஸ்டியையோ ஃபார்மேட் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது. பின்னால் மாற்ற முடியாத பல முடிவுகளை ஃபார்மேட் கட்டளை ஒரே வரியில் எடுத்துவிடுகிறது. பழுதுபார்க்கும் கருவியான எஃப்எஸ்சிகேயோ, லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4-க்கு இருப்பது போல முப்பது ஆண்டுப் பழக்கத்தில் முதிர்ந்தது அல்ல. அதனால் ஃபார்மேட் வரியை எழுதும்போது காட்டும் கவனம்தான் இங்கே உண்மையான பாதுகாப்பு.

பேஜ் அளவைப் பார்க்காமல் ஃபார்மேட் செய்வது

அண்மைக் காலத்தில் அதிகம் பேரைக் குழப்பும் தவறு இது. எஃப்2எஃப்எஸ்ஸின் பிளாக் அளவும் (சேமிப்பைப் பிரிக்கும் அலகு) கெர்னலின் பேஜ் அளவும் (நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) ஒன்றாகவே இருக்க வேண்டும். சாதாரண மேசைக் கணினியில் பேஜ் அளவு 4 கேபி, ஆகவே அங்கே செய்த ஃபார்மேட்டும் 4 கேபி பிளாக்கில் அமையும். அந்தக் கார்டை ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியில் செருகினால் மவுண்ட் ஆகாது, அதாவது திறக்காது, ஏனென்றால் அதில் இயல்பாக ஏறும் கெர்னல் 16 கேபி பேஜ் கொண்டது. கெர்னல் பதிவைப் பார்த்தால் பிளாக் அளவு 12 செல்லாது, 14 மட்டுமே ஏற்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இந்த எண்கள் 2-இன் அடுக்குகள்: 2-இன் அடுக்கு 12 என்றால் 4096, அடுக்கு 14 என்றால் 16384. இது தெரியாதவர்கள் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஃபார்மேட் செய்து, நல்ல நிலையில் இருந்த தரவைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

கார்டு எந்தக் கருவியில் ஓடப்போகிறதோ, அந்தக் கருவியில் ‘கெட்கான்ஃப் பேஜ்சைஸ்’ கட்டளையை ஓட்டுங்கள். 4096 வந்தால் வழக்கம்போல் ஃபார்மேட் செய்யலாம். 16384 வந்தால் இரண்டு வழி உண்டு. பை 5-இல் கான்ஃபிக் கோப்பில் ‘கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி’ என்று ஒரு வரி சேர்த்தால் 4 கேபி கெர்னல் ஏறும், பழைய கார்டு அப்படியே திறக்கும். இல்லையென்றால் புதிய எஃப்2எஃப்எஸ் கருவித் தொகுப்பில் பிளாக் அளவைக் குறிப்பிட்டு 16 கேபியில் ஃபார்மேட் செய்யலாம். ஆனால் அந்தக் கார்டு பிறகு சாதாரணக் கணினியில் திறக்காது. இரண்டு பக்கமும் எடுத்துச் செல்ல வேண்டிய கார்டுக்கு எஃப்2எஃப்எஸ்ஸே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு ஈஎக்ஸ்டி4 போதும்.

சிறிய ‘ஓ’வும் பெரிய ‘ஓ’வும்

ஃபார்மேட் கட்டளையில் சிறிய எழுத்து ‘ஓ’ என்பது உபரி ஒதுக்கீட்டின் சதவீதம். பெரிய எழுத்து ‘ஓ’ என்பது வசதிகளின் பட்டியல். இரண்டும் வெவ்வேறு வேலை, இரண்டிலும் தவறு நடக்கிறது.

முதலில் உபரி ஒதுக்கீடு. எஃப்2எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேல் எழுதாது. புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாததாகக் குறிக்கும், பிறகு குப்பை சேகரிப்பின்போது அந்த இடத்தைக் காலி செய்யும். 4 கேபி பிளாக்குகள் 512 சேர்ந்தால் 2 எம்பி செக்மென்ட். உயிருள்ள பிளாக்குகளை நகர்த்தி வைக்கக் காலிச் செக்மென்ட்கள் கையில் இருந்தால்தான் இந்தச் சேகரிப்பு நடக்கும். அந்தக் கையிருப்புதான் உபரி ஒதுக்கீடு. நாமாக எண் கொடுக்காவிட்டால் சேமிப்பின் அளவைப் பார்த்துக் கருவியே பொருத்தமான விகிதத்தைக் கணக்கிடும். ‘வீணாகிறதே’ என்று 1 சதவீதமாகக் குறைத்தால் கார்டு நிறையும்போது ஒவ்வொரு முறை எழுதுவதற்கு முன்னும் முன்னணிக் குப்பை சேகரிப்பு ஓடி, கருவி உறைந்ததுபோல் நிற்கும். இந்த எண்ணைத் தொடாமல் விடுங்கள். பயன்பாட்டிலும் 10 சதவீதத்தைக் காலியாகவே வைத்திருங்கள்.

இதே குடும்பத்துத் தவறு, செக்ஷன் அளவைப் பெருக்குவது. குப்பை சேகரிப்பு நடப்பது செக்ஷன் கணக்கில். இயல்பில் ஒரு செக்ஷன் ஒரு செக்மென்ட், அதாவது 2 எம்பி. எங்கோ படித்துவிட்டு 64 என்று கொடுத்தால் அது 128 எம்பி ஆகிவிடும், கையிருப்பும் அதற்கேற்பப் பெருகும். சிறிய கார்டில் ஃபார்மேட்டே தோற்கும், இல்லையென்றால் பயன்படும் இடம் திடீரெனச் சுருங்கும். சோண் வகைச் சேமிப்பு (பகுதி பகுதியாக வரிசையில் மட்டுமே எழுதவிடும் சாதனம்) தவிர மற்றவற்றில் இயல்பான எண்ணே சரி.

அடுத்தது பெரிய ‘ஓ’. இதில்தான் திரும்ப முடியாத முடிவுகள் இருக்கின்றன. ‘எக்ஸ்ட்ரா_அட்டர்’ என்ற வசதி ஐநோடின், அதாவது ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் தாங்கும் பதிவின், உள்ளமைப்பையே மாற்றுகிறது. ஐநோட் செக்சம் (கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), புராஜெக்ட் கோட்டா, கோப்பு உருவான நேரம், கம்ப்ரெஷன் ஆகிய எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. ஃபார்மேட்டில் இதைக் கொடுக்காமல் விட்டு ஆறு மாதம் கழித்துக் கம்ப்ரெஷன் வேண்டும் என்றால், தரவை வெளியே எடுத்து மறுபடி ஃபார்மேட் செய்யத்தான் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் ‘எக்ஸ்ட்ரா_அட்டர்’, ‘ஐநோட்_செக்சம்’, ‘எஸ்பி_செக்சம்’ மூன்றையும் கொடுப்பது நல்லது. செக்சம் இருந்தால், கெட்ட ஐநோடை நல்லதென்று நம்பிப் படிக்கும் ஆபத்து குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் பூட்லோடர் 2.04 பதிப்பிலிருந்து எஃப்2எஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் ‘எக்ஸ்ட்ரா_அட்டர்’ கொண்ட பார்ட்டிஷனிலிருந்து பூட் கோப்புகளைச் சரியாகப் படிக்காது. ரூட் பார்ட்டிஷனை எல்லா வசதிகளுடனும் ஃபார்மேட் செய்து, பூட் அடைவையும் அதற்குள்ளேயே வைத்தால் நிறுவல் முழுதும் ஒழுங்காக முடிந்து, முதல் மறுதொடக்கத்தில் கிரப் நின்றுவிடும். பூட் அடைவுக்குத் தனியாக 1 ஜிபி ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள்.

கம்ப்ரெஷன் இடத்தை மிச்சப்படுத்தும் என்று நம்புவது

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 5.6 கெர்னலில் வந்த இந்த வசதியின் நோக்கம் ஃபிளாஷில் எழுதும் அளவைக் குறைத்து அதன் ஆயுளை நீட்டுவது. 16 கேபி தொகுதி 8 கேபியாகச் சுருங்கினாலும், மிச்சமான 8 கேபி அந்தக் கோப்பின் பெயரிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். காலி இடம் கூடாது. அதை விடுவிக்க ‘எஃப்2எஃப்எஸ்_ஐஓ’ கருவியில் ‘ரிலீஸ்_சிபிளாக்ஸ்’ கட்டளையைக் கோப்பு கோப்பாக ஓட்ட வேண்டும். விடுவித்த பிறகு அந்தக் கோப்பில் எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் ‘ரிசர்வ்_சிபிளாக்ஸ்’ கொடுத்து இடத்தைத் திரும்ப ஒதுக்க வேண்டும். ஆகவே இனி மாறாத கோப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அடைவுக்குக் கம்ப்ரெஷன் குறி வைத்தால் அதற்குப் பிறகு அதில் உருவாகும் கோப்புகளுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே இருப்பவற்றை நகலெடுத்து மறுபடி எழுத வேண்டும்.

பழக்கதோஷத்தில் ‘-எஃப்’ சேர்ப்பது

இலக்குப் பார்ட்டிஷனில் வேறு கோப்பு முறைமை இருப்பதைக் கண்டால் ஃபார்மேட் கருவி நின்று எச்சரிக்கும். ‘-எஃப்’ கொடுத்தால் கேட்காமல் எழுதும். ஸ்கிரிப்டுகளில் இதை ஒட்டிவைத்திருப்பவர்கள், சாதனத்தின் எழுத்து ஒன்று மாறிப்போனால் தவறான டிஸ்கை இழக்கிறார்கள். எஃப்2எஃப்எஸ்ஸில் இது இரட்டிப்பு ஆபத்து. ஃபார்மேட் தொடங்கும்போதே பார்ட்டிஷன் முழுவதற்கும் டிஸ்கார்டு கட்டளை (இங்குள்ள தரவு இனி வேண்டாம் என்ற அறிவிப்பு) போய்விடும். அதை மதிக்கும் எஸ்எஸ்டியில் பழைய தரவை மீட்கும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். அந்த எழுத்தால் அல்லாமல் ஐடி அல்லது லேபிள் மூலம் சாதனத்தைக் குறிப்பிடுங்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் ‘-டி 0’ கொடுத்து டிஸ்கார்டை நிறுத்திவையுங்கள்.

முதல் 8 கேபியை மறப்பது

ஈஎக்ஸ்டி4-இல், கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கின் நகல்கள் டிஸ்க் முழுதும் பரவிக் கிடக்கும். எஃப்2எஃப்எஸ்ஸில் இரண்டே பிரதிகள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், பிளாக் 0-இலும் பிளாக் 1-இலும். ‘டிடி’ கட்டளையால் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் தவறுதலாக 1 எம்பி எழுதிவிட்டால் இரண்டும் ஒரே வீச்சில் போய்விடும். உள்ளே கோப்புகள் பத்திரமாக இருந்தும் எந்தக் கருவியும் அதை எஃப்2எஃப்எஸ் என்று அடையாளம் காணாது. ஃபார்மேட் செய்த அன்றே ‘டிடி’யால் 4096 பைட் அளவில் (16 கேபி பிளாக் என்றால் 16384) 2 பிளாக்கை ஒரு கோப்பாக எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவை மாற்றினால் புதிதாக எடுங்கள். இவ்வளவு மலிவான காப்பு வேறெதுவும் இல்லை.

பழுது என்றதும் எஃப்எஸ்சிகேயை ஓட்டுவது

மின்சாரம் போய்த் திரும்பினால் எஃப்2எஃப்எஸ் தானாகவே மீள முயலும். கோப்பு முறைமையின் சீரான நிலையைப் பதிந்துவைக்கும் செக்பாயிண்ட் பொதி இரண்டு இருக்கும். இரண்டில் செல்லுபடியாகும் புதியதைக் கெர்னல் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் எஃப்சிங்க் ஆன (உடனே சேமிப்பில் எழுதச் சொன்ன) கோப்புகளை முன்னோக்கி மீட்டெடுக்கும். பெரும்பாலும் ஒருமுறை மவுண்ட் செய்தாலே போதும், எஃப்எஸ்சிகே தேவைப்படாது.

மவுண்டே ஆகவில்லை, உள்ளே இருப்பதோ முக்கியம் என்றால், அசல் கார்டில் எதையும் ஓட்டாதீர்கள். ‘டிடிரெஸ்க்யூ’வால் முழுப் பிம்பம் (பைட்டுக்குப் பைட் நகல்) எடுங்கள். பிம்பத்தை இன்னொரு நகல் எடுத்து, அந்த நகலை ‘ஆர்ஓ, நோரெக்கவரி’ என்று மவுண்ட் செய்து பாருங்கள். ‘ஆர்ஓ’ மட்டும் போதாது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், சாதனம் எழுத அனுமதித்தால் மீட்பு வேலை நடந்து பிம்பம் மாறக்கூடும். அதன் பிறகே ‘டிரை-ரன்’ தெரிவுடன் எஃப்எஸ்சிகே. அது என்னென்ன நீக்கப்போகிறது என்று படித்துப் பார்த்துவிட்டு நகலில் உண்மையாக ஓட்டுங்கள். பல வேளைகளில் அது பழுதை நீக்குவது, பொருந்தாத கோப்பையே நீக்கித்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கெர்னலைப் புதுப்பித்த பின் முதல் தொடக்கத்தில் எஃப்எஸ்சிகே நீண்ட நேரம் ஓடுவதைப் பார்த்து, உறைந்துவிட்டது என்று மின்சாரத்தைப் பிடுங்குவது. கடைசியாக ஃபார்மேட்டோ எஃப்எஸ்சிகேயோ ஓடியபோது இருந்த கெர்னலின் பதிப்பு வரி சூப்பர்பிளாக்கில் பதிந்திருக்கும். அது மாறியிருந்தால் கருவி முழுச் சோதனை செய்யும். பெரிய, மெதுவான கார்டில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பொறுத்திருங்கள். இந்தச் சோதனை வேண்டாதவர்களுக்கு ‘நோ-கெர்னல்-செக்’ தெரிவு இருக்கிறது.

கருவியின் நிரலைத் திருத்துபவர்களுக்கு

இந்தக் கருவிகளில் பழுது கண்டு திருத்தம் எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் சில. டிஸ்கில் இருக்கும் எண்கள் எல்லாம் லிட்டில் எண்டியன், அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை. பைட் வரிசையை மாற்றும் ஃபங்ஷனை ஓரிடத்தில் விட்டாலும் எக்ஸ்86-இல் எல்லாச் சோதனையும் பச்சையாகவே வரும். வரிசை தலைகீழாக இருக்கும் பிக் எண்டியன் மிப்ஸ் ரவுட்டரில் போய்த்தான் வெடிக்கும். க்யூமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் ஒரு பிக் எண்டியன் இயந்திரத்தை நிரந்தரமாக வைத்திருங்கள்.

4096 என்ற எண்ணை நிரலில் நேரடியாக எழுதுவது இன்னொன்று. 16 கேபி பிளாக் வந்த பிறகு அது ஒவ்வோரிடத்திலும் பழுதாகிறது. எஃப்எஸ்சிகே ஓர் ஐநோடை மாற்றினால் அதன் செக்சமையும் திருப்பிக் கணக்கிட வேண்டும். மறந்தால் நாம் திருத்திய ஐநோடையே கெர்னல் கெட்டது என்று ஒதுக்கும். சூப்பர்பிளாக்கை மாற்றினால் இரண்டு பிரதிகளையும் மாற்ற வேண்டும். புதிய செக்பாயிண்ட் எழுதும் முன், அது சுட்டும் பிளாக்குகள் எல்லாம் உண்மையாகவே சாதனத்தில் இறங்கியிருக்க வேண்டும். இந்த வரிசை தவறினால், பழுதுபார்க்கும் நடுவில் மின்சாரம் போனவருக்கு இரண்டு செக்பாயிண்டும் பயன்படாது.

வெளியேறும் எண்ணும் முக்கியம். 0 என்றால் பிழை இல்லை, 1 என்றால் திருத்தப்பட்டது, 4 என்றால் பிழை மிச்சம் இருக்கிறது, 8 என்றால் கருவியே தோற்றது. தொடக்க ஸ்கிரிப்டுகள் இந்த எண்ணை நம்பித்தான் மேலே போகின்றன. திருத்த முடியாத பிழைக்கு 0 கொடுத்தால் கெட்ட டிஸ்க் எழுதும் நிலையில் மவுண்ட் ஆகிவிடும்.

டிஸ்கிலிருந்து படித்த எந்த எண்ணையும் எல்லை பார்க்காமல் அரே குறியீடாகப் பயன்படுத்தாதீர்கள். வேண்டுமென்றே கெடுத்த பிம்பத்தைக் கொடுத்து 1.12.0 பதிப்பின் எஃப்எஸ்சிகேயில் வேற்று நிரலை ஓடவைக்க முடியும் என்று 2020-இல் சிஸ்கோ டாலோஸ் குழு காட்டியது. எஃப்எஸ்சிகே ரூட் அதிகாரத்தில் ஓடுவது, தெருவில் கிடைத்த யுஎஸ்பியையும் அது படிக்கும்.

சோதனைக்கு 1 ஜிபி லூப் கோப்பு (டிஸ்க் போலப் பயன்படுத்தும் கோப்பு) ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். 100 எம்பியில் ஒன்று, பல டெராபைட் வெற்றுக் கோப்பில் ஒன்று, சோண் வகையில் ‘நல்_பிளாக்’ கொண்டு ஒன்று, எழுதுவதை நடுவில் அறுக்க ‘டிஎம்-ஃபிளேக்கி’யின் மேல் ஒன்று என நான்கிலும் ஃபார்மேட் செய்து, 95 சதவீதம் நிரப்பி, பாதியை அழித்து, மறுபடி நிரப்பி, கடைசியில் எஃப்எஸ்சிகே 0 தருகிறதா என்று பாருங்கள்.