காய்ப்புழுவுக்கு என்.பி.வி வைரஸ் அடிக்கிறவங்க கவனிக்க
கொண்டைக்கடலை, தக்காளில வர்ற பச்சை காய்ப்புழுவுக்கு என்.பி.வி (புழுவுக்கு நோய் வரவச்சு சாகடிக்கிற வைரஸ் மருந்து) அடிக்கிறீங்கன்னா சாயங்காலம் வெயில் இறங்குனதுக்கு அப்புறம் அடிங்க, ஏன்னா வெயில்ல இருக்கிற புற ஊதா கதிர் பட்டா வைரஸ் சீக்கிரமே வீரியம் இழந்துடும். ஏக்கருக்கு 100 எல்.ஈ (வைரஸ் மருந்தோட அளவு, ஒரு எல்.ஈ-ன்னா நோய் வந்த ஒரு புழுவுல கிடைக்கிற வைரஸ்), 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் வெல்லம் கரைச்சு சேர்த்துக்கோங்க. புழு சின்னதா இருக்கும்போதே அடிக்கணும், பெருசாயிட்டா அவ்வளவா கேக்காது. இலையை தின்னாதான் வைரஸ் உள்ள போகும், அதனால உடனே சாகாது, நாலஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள பதறிப்போய் கெமிக்கல் மருந்து வாங்க ஓடாதீங்க. செடி உச்சில புழு தலைகீழா தொங்கி செத்து கிடந்தா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். முக்கியமா புரொடீனியா புழுவுக்கு (புகையிலை வெட்டுப்புழு) வேற என்.பி.வி, கடைல எந்தப் புழுவுக்குன்னு சொல்லி வாங்குங்க.