அம்மாவின் இரவுச் சொட்டு: பிமாட்டோப்ராஸ்ட் போடும் முறை

அம்மாவுக்குக் கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) என்று பிமாட்டோப்ராஸ்ட் என்ற கண் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். முதல் வாரம் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிந்தது. கை பழகிய பிறகு எழுதுகிறேன்.

முதலில் பாட்டிலுக்கு இடம் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் அது தாங்காது; சித்திரையில் சென்னை வீட்டு அலமாரி அதை எளிதாகத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். திறந்த தேதியை மேலே எழுதி, நான்கு வாரம் ஆனதும் மிச்சத்தைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

இரவு, கையைக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, 15 நிமிடம் கழித்தே மாட்ட வேண்டும். தலையைச் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்தால் சிறு பைபோல விரியும். அதில் ஒரு சொட்டு. பாட்டில் முனை எதன்மீதும் படக்கூடாது. கண்ணை மூடச் செய்து, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது. வழிந்ததை உடனே துடையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் தோல் கறுக்கும், முடிகூட முளைக்கலாம். வேறு சொட்டும் உண்டென்றால் ஐந்து நிமிடம் விடுங்கள்.

"இன்னொரு சொட்டு போட்டால் கண் அழுத்தம் சீக்கிரம் குறையுமே" என்பார் அம்மா. குறையாது. நாளுக்கு ஒருமுறைக்கு மேல் போட்டால் பலன்தான் குறையக்கூடும்.

இந்த மருந்தின் பூர்வீகம் எனக்குப் பிடித்த கதை. நம் உடலே சுரக்கும் ஒரு பொருளை 1992-இல் பன்றி மூளையில் கண்டுபிடித்தார்கள். கஞ்சா போய் ஒட்டும் அதே ஏற்பியில் (செல்லின்மேல் பொருள்கள் வந்து ஒட்டும் இடம்) அதுவும் ஒட்டும். சமஸ்கிருத 'ஆனந்தம்' என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். காக்ஸ்-2 என்ற நொதியின் கை பட்டால் அது புரோஸ்டமைடுகள் என்ற பொருள்களாக மாறும். அவற்றுள் ஒன்றை அச்சாக வைத்து, வால்பக்கம் பென்சீன் வளையம் பொருத்தி, எளிதில் சிதையாதபடி ஆய்வகத்தில் செய்ததுதான் பிமாட்டோப்ராஸ்ட். கண்ணுக்குள் தேங்கும் நீருக்கு அது வடிகாலைத் திறந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் கண் சிவக்கும். இமைமுடி நீண்டு அடர்த்தியாகும். அதற்காகவே அமெரிக்காவில் 2008-இல் தனியாக அனுமதி பெற்றார்கள். எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, கண்ணுக்கு மை தீட்டினீர்களா?" என்று கேட்டதில் அம்மாவுக்கு ரகசிய மகிழ்ச்சி.

கிளாக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. மாமாவையும் சித்தியையும் கண் அழுத்தம் பார்க்க எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவிருக்கிறேன். 1819-இல் தொடங்கிய இடம் அது. வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.