நகல் விமானம் செய்கிறீர்களா? வாலைக் கனக்க விடாதீர்கள்

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் எங்கள் செட்டுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. டைகர் மாத், சோப்வித் கேமல் போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களை நாலில் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் பறக்கிற மாதிரி செய்வோம். இப்போது கல்லூரிப் பையன்கள் நிறைய வருகிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் பண்ணின கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். சுற்றுகிற ப்ரொப்பெல்லரில் கை வைக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

பசை

மே மாத மதுரையில் ஐந்து நிமிட எபாக்ஸி ஐந்து நிமிடம் காத்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

வால் கனம்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. கேமலுக்கு மூக்கு குட்டை. அசல் விமானத்தில் அந்தக் குட்டை மூக்கில் கனமான ரோட்டரி இன்ஜின் உட்கார்ந்திருந்தது. நம்மிடம் இருப்பதோ உள்ளங்கை அளவு மோட்டார். வால் நுனி, எடை மையத்திலிருந்து (விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமமாக நிற்கிற புள்ளி) மூக்கைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும்.

போன வருடம் ஒரு குழு கேமல் கட்டியது. கைக்கு வந்த பால்சா என்ற லேசான மரப் பலகையை வாலுக்கு வெட்டினார்கள். ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கனக்கும். எடை போட்டு, லேசானதை வாலுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்களான செர்வோக்களையும் வாலிலேயே பொருத்தினார்கள். அசலில் இருந்த மாதிரி கேபிள் இழுத்திருந்தால் செர்வோ முன்னால் இருந்திருக்கும். போதாததற்கு வாலுக்கு இரண்டாம் கோட் பெயிண்ட் வேறு.

அப்புறம் எடை மையத்தைக் கீழ் இறக்கையை வைத்து அளந்திருக்கிறார்கள். கேமலில் மேல் இறக்கை முன்னால் தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்து, அந்த அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில் குறி போட வேண்டும். சரியான குறியில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினேன். வால் தொப்பென்று இறங்கியது.

"லேசாத்தானே தாழுதுண்ணே, பறக்கும்போது எலிவேட்டர்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்கள். எலிவேட்டர் என்பது மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் மடிப்பு.

ஆகாது. எடை மையம் பின்னால் போய்விட்டால், எழும்பிய மூக்கு தானாக இறங்காது, இன்னும் எழும்பும். ட்ரிம் (அந்த மடிப்பை நிரந்தரமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பது) எவ்வளவு வைத்தாலும் அந்தக் குணம் போகாது. மேலூர்ப் பக்கம் ஒரு காய்ந்த கண்மாயில் விட்டார்கள். செங்குத்தாக ஏறியது, நின்றது, ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மேல் இறக்கை, இறக்கைகளுக்கு நடுவில் நிற்கும் ஸ்ட்ரட் கம்பு, மோட்டார் எல்லாம் போச்சு. "காத்துண்ணே" என்றார்கள். கருவேல மரத்தில் ஓர் இலை அசையவில்லை!

டைகர் மாத்தின் இறக்கை பின்னால் சாய்ந்திருப்பதும் இந்தக் கணக்கால்தான். முன் சீட்டுக்காரர் பாராசூட்டோடு வெளியேற மேல் இறக்கை இடைஞ்சலாக இருந்தது. அதன் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். கெட்டுப்போன சமநிலையைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். 1931-லேயே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நமக்குப் பேட்டரியை முன்னால் தள்ளி, டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயத்துண்டு நாலைந்து வாங்கி ஒட்ட வலிக்கிறது.

மேலே ஒட்டும் ஃபிலிம்

வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

பறக்கும் இடம்

பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் விமான நிலையம் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். வேறு எங்கே போனாலும், எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதிதானா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.