கவாகோவே வணிகர் வீதி: கதவுகளைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்

டோக்கியோவுக்கு வடமேற்கே, சைத்தாமா மாகாணத்தில் இருக்கும் கவாகோவேக்கு, டோக்கியோவின் பழைய பெயரான எடோவை வைத்து, ‘குட்டி எடோ’ என்று ஒரு பட்டப்பெயர். முதல் தவறு அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது. அங்கே வரிசையாக நிற்கும் கறுத்த கடைவீடுகள் எல்லாம் எடோ காலத்தவை (1603–1868) என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை. 1893 மார்ச்சில் பற்றிய தீ, ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 1,302 வீடுகளைச் சாம்பலாக்கியது. 1792இல் கட்டிய ஓசாவா குடும்பத்தின் கடைவீடு போன்ற, தடித்த மண்சுவர்க் கட்டடங்கள் சில மட்டும் தப்பின. ஷிங்காஷி ஆற்றுப் படகுகளில் எடோவுக்குச் சரக்கு அனுப்பிச் செழித்த ஊர் அது. அதன் வணிகர்கள், கண்ணெதிரே தப்பி நின்ற, ‘குராசுகுரி’ என்னும் அந்த மண்சுவர் முறையிலேயே தங்கள் கடைகளையும் எழுப்பிக்கொண்டார்கள்.

இது தெரியாமல் போகிறவர்கள் 16 மீட்டர் உயர மணிக்கூண்டின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தீக்கு மறு ஆண்டே மீண்டும் கட்டிய கூண்டு அது, அழகுதான். ஆனால் தயவுசெய்து தலையை நிமிர்த்தி, கடைகளின் மாடி ஜன்னல்களையும் பாருங்கள். மண்ணால் ஆன கனத்த இரட்டைக் கதவுகள். அவற்றின் விளிம்பு படிக்கட்டைப் போல அடுக்கடுக்காக இருக்கும். சாத்தினால் ஒன்றின் படி மற்றதன் படியில் போய் உட்காரும். தீ நெருங்கினால், மிச்சமிருக்கும் இடுக்கிலும் குழைத்த மண்ணை அப்பி அடைத்துவிடுவார்கள். சுவரும் எளிதில் எழுந்ததல்ல: மூங்கில் பின்னலின் மேல் களிமண் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி காயவிட்டு எழுப்பியது. கரி சேர்த்த சுண்ணாம்புக் காரையை மேலே பூசி மெருகேற்றியதால் வந்தது அந்தக் கறுப்பு. அதைக் காலத்தின் அழுக்கு என்று எண்ணுவது கொத்தனாரின் கைக்குச் செய்யும் அநியாயம்.

பெயரைப் பார்த்ததும் கவாகோவே நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். ஹொன்-கவாகோவே நிலையத்திலிருந்து நடை குறைவு. வீதியின் நடுவில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். பஸ்ஸும் காரும் ஓடுகிற சாலை அது. சர்க்கரைவள்ளித் தின்பண்டம் வாங்கினால், கூட்டத்தில் தின்றுகொண்டே நடக்காமல் கடை வாசலிலேயே நின்று தின்றுவிடுங்கள்.

மாலை ஐந்து மணி வாக்கில் கடைகள் அடைக்கத் தொடங்கும்; கூட்டமும் அதோடு ரயிலடிக்குக் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். கூண்டின் மணி ஒரு நாளில் நான்கு முறை ஒலிக்கிறது: காலை 6, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6. அந்தக் கடைசி மணிக்குக் காத்திருங்கள்.