வாடகை மலிவுதான், வீடு மலிவா? வன்னியில் ஒற்றை அறை வீடு தேடுவோர் செய்யும் தவறுகள்

வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ இடமாற்றக் கடிதம் வந்ததும் பலர் முதலில் செய்கிற வேலை, கைபேசியை எடுத்து "ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ட்" என்று தேடுவது. வந்து விழுவதெல்லாம் கொழும்புப் பக்கத்து வெள்ளவத்தையும் தெஹிவளையும்தான். வன்னியில் அப்படியொரு சந்தை இல்லையென்றே சொல்லலாம். தனி ஆளுக்கோ புதிதாகக் கலியாணம் முடித்த சோடிக்கோ இங்கே கிடைப்பது வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸ், கடைக்கு மேலுள்ள மாடி அறை, இல்லாவிட்டால் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த பாதி வீடு. இவை விளம்பரத்துக்கு வருவது குறைவு. வவுனியாவில் வைரவபுளியங்குளத்திலோ குருமன்காட்டிலோ ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "அண்ணை, இந்தப் பக்கம் சின்னதா ஒரு வீடு வாடகைக்கு இருக்கோ?" என்று கேட்பதுதான் வழி. எனக்கு அதைவிட உதவியவர், வீடு வீடாகக் குடிதண்ணீர்ப் போத்தல் போடுகிற தம்பி. எந்த வீடு காலி, எந்த வீட்டுக்காரரோடு யார் சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அடுத்த தவறு, ஆடி வெயிலில் வீடு பார்த்து ஆசைப்படுவது. அப்போது வன்னியில் எந்த வளவும் நல்ல வளவுதான். ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: பண்டாரிகுளம், கோவில்குளம், இறம்பைக்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம். இது குளத்து நாடு. 2018 டிசம்பரில் ஒரே இரவு மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படி மூழ்கின என்று அங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. குளத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரம் உள்ள வீடு மலிவாகக் கிடைக்கும். அது ஏன் மலிவு என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்து வீட்டில் கேளுங்கள், "மாரிக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று. சுவரில் முழங்கால் உயரத்தில் புதுப் பெயின்ற் மட்டும் தனியாகத் தெரிந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீரைப் பார்க்காமல் வருகிறவர்களும் உண்டு. கிணறு இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது என்றதும் சரி என்று விடுவார்கள். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் கடினநீர். குசினிக்குள் போய் வீட்டுக்காரரின் கேத்தலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வடிகட்டிய தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். வவுனியா மாவட்டத்திலும் சிறுநீரக நோய் ஒரு பெரிய கவலை என்பதால் இதில் ஊர்க்காரர் யாரும் விளையாடுவதில்லை. அந்தக் காசையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். குழாய்நீர் இணைப்பு இருக்கிறது என்று சொன்னால், எத்தனை மணிக்கு வரும் என்றும் கேளுங்கள்.

ஆனால் ஆட்களை உண்மையில் கவிழ்ப்பது கரண்ட் பில். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு குறைந்த கட்டண அட்டவணை. 60 ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய அட்டவணைக்கு மாறிவிடும்; நிலையான கட்டணமும் ஏறும். இப்போது ஒரு அனெக்ஸை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு, ஒரு ரைஸ் குக்கர், மாதம் 45 அலகு என்று வைப்போம். வீட்டுக்காரருக்குப் பிரிட்ஜ், வோஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 110. மீட்டர் ஒன்றுதான். பில் 155 அலகுக்கு வரும். தனி மீட்டர் இருந்திருந்தால் கீழ்ப்படியில் நின்றிருக்கும் உங்கள் 45 அலகு, இப்போது மேல்படி விலைக்குப் போகிறது. "பாதிப் பாதி போடுவம் தம்பி" என்றால் அது அதைவிட மோசம்.

உங்கள் பக்கத்துக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் பூட்டியிருக்கிறது என்று கேட்டு ஆறுதலடைய வேண்டாம். அது அலகை எண்ணும், படியை மாற்றாது. அலகுக்கு எவ்வளவு என்பதை முதலே பேசி முடியுங்கள். தண்ணீர் மோட்டர் யாருடைய லைனில் ஓடுகிறது என்றும் பாருங்கள். நான் இருந்த ஒரு அனெக்ஸில் மோட்டர் என் பக்கத்து லைனில் இருந்தது. வளவில் நின்ற பத்துத் தென்னைக்கும் நான்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியவர மூன்று பில் ஆனது. வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி, மாதம் இரண்டு தேங்காய் தருவா. கணக்குப் பார்த்தால் அவ்வளவு விலையான தேங்காயை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

அப்புறம், யாரோடு கதைக்கிறோம் என்ற விஷயம். இங்கே நிறைய வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். திறப்பு மச்சானிடமோ பெரியம்மாவிடமோ இருக்கும். திறப்பு வைத்திருப்பவருக்கு வாடகைக்கு விடும் அதிகாரம் இருக்கிறதென்று பொருளில்லை. அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், சொந்தக்காரரோடு ஒரு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பாவது எடுக்கச் சொல்லுங்கள். அழைப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஜூலை, ஆகஸ்டில் வருவீங்களோ?" வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் ஊர்த் திருவிழாவும் சேர்ந்து வரும் காலம் அது. இரண்டு மாதத்துக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு வேறிடம் போகச் சொல்லப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

முற்பணத்தில் குழப்பம் வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்பது இங்கே சாதாரணம். அது மாதாமாதம் வாடகையில் கழிபடுகிற காசா, போகும்போது திருப்பித் தருகிற காசா? இரண்டுக்கும் "அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்தான், வாங்குகிறவர் ஒன்றை நினைக்க, கொடுப்பவர் மற்றதை நினைப்பார்.

கடைசியில் கடதாசி. முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் ஒரு வருடக் குத்தகை சட்டப்படி செல்லும் என்று நினைப்பது பரவலான தவறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வன்னியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல வளவுகள் உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி, அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திர (பெர்மிட்) காணிகள். அவற்றை நினைத்தபடி குத்தகைக்கு எழுத முடியாது. அதனால் "உறுதியா, பெர்மிட்டா?" என்று கேட்டு, பெர்மிட் என்றால் பெரிய முற்பணத்தைத் தவிர்த்து மாத வாடகையில் இருப்பதே எனக்குப் புத்தியாகப் படுகிறது. அப்படி இருக்கும்போதும் கொடுத்த காசுக்கு ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளில் மீட்டர் காட்டும் அலகையும் வெடித்த கூரை ஓடுகளையும் ஒழுகும் குழாயையும் கைபேசியில் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.